ஸ்டென்சில் ஃபான்ட்: மூட்டையில் மார்க்கா போடத் தேறுமா?

வேர்டைத் திறந்து ஃபான்ட் பட்டியலில் கீழே இறங்கினால் 'ஸ்டென்சில்' என்று ஒன்று இருக்கும். ஆபீஸ் தொகுப்போடு பல காலமாக வருவது. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு டிடிபி கடையில் போய் "தேயிலை மூட்டைக்கு மார்க்கா போட ஒரு தகடு வெட்டணும்" என்று சொன்னால், கடைக்காரர் கை முதலில் போவது இதற்குத்தான். பெயரிலேயே ஸ்டென்சில் இருக்கும்போது வேறு எதைத் தேடுவார்? திரையில் அது கம்பீரமாக இருப்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. தகட்டில் வெட்டி, சாக்கின் மேல் வைத்து மை குத்தினால் தாங்குமா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் தோட்டப் பெயரும் கிரேடும் (தேயிலையின் தரப் பெயர்) போட, 50 மிமீ உயரமும் அதற்கு மேலும் என்றால் நன்றாக உழைக்கும். 30 மிமீக்குக் கீழே கிட்டவே போகக் கூடாது. தமிழ் இதில் கிடையாது. அதற்கான வழி தனி, அதில் வரும் சிக்கலும் தனி.

இந்த ஃபான்ட்டின் குறையும் நிறையும் பாதிக்கு மேல் இதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1937 ஜூனில் லட்லோ நிறுவனத்துக்காக ஆர். ஹன்டர் மிடில்டன் ஒரு ஸ்டென்சில் எழுத்தை வெளியிட்டார். அடுத்த மாதமே அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெர்ரி பவல் இன்னொன்றை வெளியிட்டார். இன்று கணினியில் 'ஸ்டென்சில்' என்று வருவது பவல் வழியில் வந்தது. இரண்டுமே அச்சகத்துக்கு வார்த்த ஈய எழுத்துகள். மரப்பெட்டியில் தகடு வைத்துப் பெயின்ட் அடித்த தோற்றத்தைக் காகிதத்தில் கொண்டுவரத்தான் செய்தார்கள். அச்சில் எழுத்தின் நடுவே இருக்கும் வெட்டு வெறும் அலங்காரம். தகட்டில் அந்த வெட்டுதான் எழுத்தின் வயிற்றை, அதாவது நடுவில் அடைபட்டு நிற்கும் துண்டை, விழாமல் பிடித்து நிறுத்தும் பாலம். கண்ணுக்கு அழகான அகலம், பாலத்துக்குப் போதுமான அகலமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கோளாறு தொடங்குவது அங்கேதான்.

முதலில் நல்லதைச் சொல்வோம். இதன் முனைகள் எல்லாம் மழுங்கிய வளைவு. கூர்மையான மூலையை லேசர் வெட்டினாலும் சரி, கத்தி வெட்டினாலும் சரி, தகடு கிழியத் தொடங்குவது அந்த மூலையில்தான். மை கசிந்தால் முதலில் பிசிறு தட்டுவதும் அங்கேதான். வளைந்த முனையில் கிழிசல் வராது. மை அரை மில்லிமீட்டர் பரவினாலும் எழுத்து அப்படியேதான் தெரியும். சணல் சாக்கில் இதன் அருமை புரியும். அதன் நெசவுக்குக் கூர்மூலை எப்படியும் நிற்காது, இந்த எழுத்தோ அதைக் கேட்பதே இல்லை. முக்கியத் தண்டுகள் நல்ல தடிமன், அதனால் பத்தடி தள்ளி நின்றும் கிரேடு தெரியும்.

எழுத்துகள் எல்லாமே பெரிய எழுத்து. சிறிய எழுத்தைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். மூட்டைக்கு அது குறையும் இல்லை. தோட்டப் பெயர், கிரேடு, இன்வாய்ஸ் எண், மூட்டை வரிசை எண், நிகர எடை, மொத்த எடை எல்லாமே பெரிய எழுத்திலும் எண்ணிலும் முடிந்துவிடும்.

இப்போது பாலத்துக்கு வருவோம். எழுத்தைச் சுருக்கினால் பாலமும் அதே விகிதத்தில் சுருங்கும். 100 மிமீ உயரத்தில் ஒரு பாலம் 5 மிமீ இருந்தால், 30 மிமீக்கு இறக்கும்போது அது 1.5 மிமீதான். பொருளோ சுருங்காது. 190 மைக்ரான் பாலியெஸ்டர் ஷீட்டில் 2 மிமீக்குக் குறைந்த பாலம் பிரஷ் படப்பட நெளிந்துவிடும். எண்ணெய் ஊறிய அட்டைக்கு 3 மிமீயாவது வேண்டும். அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 1.5 மிமீ வரை தாங்கும், அதுவும் துடைக்கிறவர் கை மென்மையாக இருந்தால். பாலம் நெளிந்து மேலே எழும்பினால் அடியில் மை புகும். அடுத்த மூட்டையில் எழுத்து கொழுத்துப் போகும். அதற்கடுத்த மூட்டையில் பாலமே தெரியாது, ஆங்கில ஓ (O) எழுத்து கறுப்பு உருண்டையாக நிற்கும்.

இதற்கு இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு எளிய வைத்தியம் உண்டு. எழுத்தை அடித்து, வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவந்து, ஷிஃப்ட்-கன்ட்ரோல்-சி தட்டிப் பாதையாக, அதாவது வெறும் வரைகோட்டு வடிவமாக, மாற்றுங்கள். குழுவைப் பிரித்துவிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே பாதையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விருப்ப அமைப்பில் 'ஸ்டெப்ஸ்' பகுதிக்குப் போய், இன்செட் அளவை 0.3 மிமீ என்று வைத்து, ஒரு முறை இன்செட் கொடுங்கள். எழுத்தின் எல்லா ஓரமும் 0.3 மிமீ உள்வாங்கும். பாலம் இரண்டு பக்கமும் சேர்த்து 0.6 மிமீ அகலமாகும். தடித்த தண்டுக்கு 0.6 மிமீ போவது ஒன்றுமே இல்லை. தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பதன் நிஜமான லாபம் இதுதான். மெல்லிய எழுத்தில் இதே வேலையைச் செய்தால் கோடே காணாமல் போகும். ஆனால் இந்த ஃபான்ட்டிலும் ஏ, என், யூ போன்றவற்றில் ஒரு பக்கக் கோடு மற்றதைவிட மெலிவு. இன்செட் கொடுத்த பின் அந்த மெல்லிய கோடு 2 மிமீக்குக் கீழே போகிறதா என்று கட்டாயம் அளந்து பாருங்கள். போனால் மை உலர்ந்து முதலில் அடைபடுவது அந்தக் கோடுதான்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளியையும் அப்படியே விடக் கூடாது. தலைப்புக்கு அழகாக இருக்கட்டும் என்று நெருக்கி வைத்திருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து எழுத்தின் கால்முனைகளுக்கு (தண்டின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோடுகளுக்கு) நடுவே தகட்டில் ஒரு மெல்லிய கீற்றுதான் மிஞ்சும். முதலில் அறுவது பாலமல்ல, அந்தக் கீற்று. 50 மிமீ எழுத்துக்குக் குறைந்தது 4 மிமீ இடைவெளி வைக்க வேண்டும். எம், டபிள்யூ ஆகியவற்றின் நடுவில் தகடு ஈட்டிமுனை போல நீளும். பிரஷ்ஷை அந்த முனையிலிருந்து அடிப்பக்கம் நோக்கி இழுத்தால் முனை மடங்கிக்கொள்ளும். மேலிருந்து நேராகக் குத்தினால் பிரச்சினை இல்லை.

படித்துப் பிரித்தறிவதில்தான் மார்க் குறைக்க வேண்டியிருக்கிறது. ஓ (O), டி (D), சுழியம் (0) மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். பிஓபிஎஃப், ஓஎஃப், எஸ்எஃப்டி என்று கிரேடு போடும் இடத்தில் ஓவுக்கும் டிக்கும் வித்தியாசம் டியின் இடது தண்டு மட்டுமே. அந்தப் பக்கம் மை சற்றே பரவினால் கிரேடே மாறிப்போனது போலத் தெரியும். எண்களில் 8ம் 3ம் அப்படித்தான்: 8இன் இடது பாதியில் மை சரியாக ஏறவில்லை என்றால் 3. இன்வாய்ஸ் எண் மாறினால் குன்னூர் ஏல மையத்துக்குப் போகும் சரக்கில் வரும் தலைவலியைத் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண்களுக்கு மட்டும் வேறு ஃபான்ட் பயன்படுத்துவதே என் பரிந்துரை. சைரா ஸ்டென்சில் ஒன் இதற்கு நன்றாக ஒத்துவரும். கால்முனை இல்லாத தடித்த எழுத்து, 3ம் 8ம் தெளிவாகப் பிரியும். பெயர் நீளமாக இருந்து சாக்கின் அகலம் போதவில்லை என்றால் பிக் ஷோல்டர்ஸ் ஸ்டென்சில். ஒடுங்கிய உடம்பு, தடிமனும் பல அளவில் கிடைக்கும். சிறிய எழுத்தும் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டார்டோஸ் ஸ்டென்சில், தடித்த வடிவத்தோடு. மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம்.

மையும் பரப்பும் ஃபான்ட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் "இந்த ஃபான்ட் சரியில்லை" என்று வரும் புகாரில் பாதி மையின் மேல் போட வேண்டியது. தேயிலை, பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். டர்பன்டைன் கலந்த எனாமலை நிரப்பிய மூட்டையின் மேல் குத்துவது, கஷ்டப்பட்டு உலர்த்திச் சலித்த சரக்குக்கு நாமே வைக்கும் உலை. தண்ணீரில் கரையும் ஸ்டென்சில் மையை எடுத்துக்கொண்டு, சாக்கு காலியாக இருக்கும்போதே மார்க் போட்டு, காற்றாட விட்டு, பிறகு நிரப்ப வேண்டும். காகிதச் சாக்கில் தண்ணீர் மை அதிகமானால் மேல் தாள் பொருக்குத் தட்டும். பிரஷ்ஷை மையில் தொட்டதும் பழைய அட்டையில் நாலு குத்து குத்தி, பாதி மையை இறக்கிவிட்டுத்தான் தகட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஈரப் பிரஷ் பாலத்துக்கு அடியில் போய் நிற்கும். காய்ந்த பிரஷ் போகாது.

கேரட் மூட்டை வேறு கதை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிளாஸ்டிக் நெசவுச் சாக்கில் சாதாரண மை ஒட்டவே ஒட்டாது. காய்ந்த மாதிரி இருக்கும், லாரியில் உரசினால் உதிரும். அதற்கென விற்கும் பாலிப்ரொப்பிலீன் மை வேண்டும். நெசவுப் பட்டைகளின் ஓரம் வழியாக மை ஓடுவதால் 40 மிமீக்குக் குறைந்த எழுத்தின் விளிம்பு ரம்பப் பல்லாகத் தெரியும். சணலுக்கு 60 மிமீக்கு மேல் போனால் நிம்மதி. முதலெழுத்து இரண்டு மூன்று மட்டும் போடும் விவசாயிகளுக்கு இந்த ஸ்டென்சில் ஃபான்ட் கச்சிதம்: எழுத்து குறைவு, அளவு பெரிது, தூரத்திலேயே தெரியும்.

ஸ்ப்ரே அடிப்பவர்கள் மலையின் காலநிலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் காற்றில் ஈரம் ஏறி நிற்கும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும், அதன் மேல் ஈரம் படியும், கறுப்பு எழுத்தின் மேல் சாம்பல் பூத்தது போல வெளுப்பு வரும். மூடுபனியில் வெளியே வைத்து அடித்தால் இது நிச்சயம். மார்கழிக் குளிரில் டப்பாவின் அழுத்தம் இறங்கி, தூவலுக்குப் பதில் துப்பல் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவைச் சிறிது நேரம் நிறுத்தினால் சரியாகும். கொதிநீர் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். 20 முதல் 25 செமீ தள்ளி, நேர் எதிரே பிடித்து, மெல்லியதாக இரண்டு பூச்சு. சாய்த்துப் பிடித்தால் பாலத்தின் ஒரு பக்கத்தில் மை ஒளிந்து புகும்.

தமிழுக்கு வருவோம். கடையில் அதிகம் சொதப்பும் இடம் இது. ஸ்டென்சில் ஃபான்ட்டில் தமிழ் இல்லை என்றதும் கிடைக்கிற ஏதோ ஒரு தடித்த தமிழ் எழுத்தை எடுத்து, அழிப்பான் கருவியால் கண்டபடி கோடு கிழித்து, பாலம் என்று கொடுப்பார்கள். ட, ப, ய, ர போன்ற எழுத்துகளில் அடைபட்ட வயிறு கிடையாது, அங்கே பாலமே தேவையில்லை. சுழி உள்ள எழுத்துகளில்தான் வேண்டும்: அ, எ, ஒ, க, ண, ன, ம, ல, வ, ள, ழ. ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் என்றால் ண ஒன்றுக்கே எத்தனை வெட்டு என்று பாருங்கள். பாலத்தைச் சுழியின் எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் கைத்திறன். சுழி தண்டோடு சேரும் இடத்தில் வெட்டினால் படிக்கிறவர் கண் தானே சேர்த்துக்கொள்ளும். சுழியின் வெளி வளைவில் வெட்டினால் எழுத்து உடைந்ததாகவே தெரியும்.

தமிழ்த் தகட்டைச் சோதிக்க 'கொலக்கம்பை', 'கோத்தகிரி' என்று இரண்டு ஊர்ப் பெயரை வெட்டிப் பார்த்தாலே போதும். 'கொ'வில் ஒற்றைக்கொம்பு, 'கோ'வில் இரட்டைக்கொம்பு. இரண்டுக்கும் வித்தியாசம் மேலே உள்ள ஒரு சின்னச் சுழி. அதில் மை அடைத்துக்கொண்டால் கொவும் கோவும் ஒன்று. வீரமாமுனிவர் பிரித்துக் கொடுத்த குறிலையும் நெடிலையும் பெயின்ட் மறுபடி சேர்த்து வைத்துவிடும். துணைக்காலும் ரகரமும் இன்னொரு ஜோடி. ரகரத்தின் கீழ்வால் ஒரு பாலத்தால் துண்டிக்கப்பட்டு, அந்தத் துண்டில் மை ஏறாவிட்டால் மிஞ்சுவது துணைக்கால்தான். அதனால் ரகரத்தில் பாலமே வைக்காமல் வாலைச் சற்று நீட்டிவிடுவது நல்லது. புள்ளி சின்னத் துளை. 50 மிமீ எழுத்தில் 6 மிமீ விட்டமாவது இல்லையென்றால் பத்தாவது மூட்டைக்குள் அடைத்துக்கொள்ளும். பிறகு குன்னூர் 'குன்னூர' ஆகிவிடும். துளை பெரிதாக இருந்தாலும் மூட்டைக்கு மூட்டை ஈரத் துணியால் ஒரு முறை துடைக்கத்தான் வேண்டும்.

கையால் பாலம் வெட்டும் பாட்டைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கு போஸ்ட் நோ பில்ஸ் ஜாஃப்னா இருக்கிறது. கொழும்பைச் சேர்ந்த மூனியாக் குழு செய்தது. சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதே' என்று அடிக்கும் ஸ்டென்சிலைப் பார்த்துப் பிறந்த எழுத்துக் குடும்பம். ஜாஃப்னா அதன் தமிழ்ப் பிரிவு. மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை கிடைக்கும், வெட்டுவதற்குத் தடித்ததையே எடுங்கள். பாலம் எல்லாச் சுழியிலும் நமக்கு வேண்டிய அகலத்தில் இருக்கிறதா என்பதை இங்கேயும் அளந்துதான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன இன்செட் வைத்தியம் இதற்கும் பொருந்தும்.

இது யூனிகோட் ஃபான்ட். பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத ஃபான்ட்டின் விசையில் அடித்துப் பழகிய கடையில் இதைக் கொடுத்தால் திரையில் ஆங்கிலக் குப்பையாக வரும், "ஃபான்ட் வேலை செய்யல" என்று திருப்பிக் கொடுப்பார்கள். யூனிகோடில் அடித்த உரையை நீங்களே வாட்ஸப்பில் அனுப்பி, அதை ஒட்டச் சொல்லுங்கள். சில மென்பொருளில் எழுத்து இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று விலகும். இடைவெளியைப் பாதையாக மாற்றிய பிறகு கையால் நகர்த்திக் கொடுப்பதே பத்திரம். பக்கத்துப் பக்கத்து வடிவங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் ஒன்றாக இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் லேசர் அந்த மேல்படிவையும் கோடாக வெட்டி, எழுத்துக்கு நடுவே ஒரு துண்டு தொங்கும்.

வெட்டக் கொடுக்கும்போது கோப்பு டிஎக்ஸ்எஃப் (வெட்டும் கடைகளில் கேட்கும் ஒரு வரைபடக் கோப்பு வகை) என்றால் ஓரத்தில் 100 மிமீ நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். அங்கே அங்குலமாகத் திறந்தால் 25.4 மடங்கு பெருத்திருக்கும், அந்தக் கோட்டை அளந்தாலே பிடிபடும். கரியமில வாயு லேசர் பாலியெஸ்டர் ஷீட்டையும் அட்டையையும் வெட்டும். அலுமினியத்துக்கு ஃபைபர் லேசர் வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும். ஃப்ளெக்ஸ், வினைல் போன்ற பிவிசி எதையும் லேசரில் போடச் சொல்லாதீர்கள். அமிலப் புகை வரும், ஆளுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு. எழுத்தைச் சுற்றி நாலு பக்கமும் 50 மிமீ வெறுந்தகடு விடுங்கள், பிரஷ் தாண்டிச் சாக்கில் படாமல் இருக்க.

பெயர்ப்பலகைக்கு இந்த ஃபான்ட் எப்படி? காபிக் கடை, மரச்சாமான் கடை என்றால் எடுப்பாக இருக்கும். ஆனால் பட்டாளத்து வாசனை இதைவிட்டுப் போகாது. வெலிங்டன் கண்டோன்மென்ட் பக்கத்தில் 'தங்கும் விடுதி' என்பதை இதே பாணியில் எழுதி வைத்தால், வருகிறவர் உள்ளே போகலாமா கூடாதா என்று வாசலிலேயே யோசிப்பார். சாலை எச்சரிக்கைக்கு வேண்டவே வேண்டாம். கல்லட்டி சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது பனி இறங்கிய மாலையில் இப்படி உடைந்த எண்ணைப் படிக்கச் சொல்வது நியாயமில்லை.

உரிமம் பற்றி ஒரு விஷயம். ஆபீஸோடு வந்த ஸ்டென்சில் ஃபான்ட் கோப்பை வெட்டும் கடைக்கு அனுப்ப உங்களுக்கு உரிமை கிடையாது. பாதையாக மாற்றிய வரைபடத்தை மட்டும் அனுப்புங்கள். சைரா, பிக் ஷோல்டர்ஸ், ஸ்டார்டோஸ், ஜாஃப்னா நான்கும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை, அவற்றின் கோப்பையே பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாம்.